பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கால்பந்தாட்டத்தில் ஒரு கோஷ்டி தொடர்ந்து தோற்று, அதன் ரஸிகர்கள் "எங்கள் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் காயம்" என்று சொல்ல ஆரம்பித்தால், எதிர்க்கட்சிக்காரர்கள் இந்தப் பழமொழியைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லுவார்கள். காயம் யாருக்குத்தான் இல்லை? எல்லோரும் அதே புல்தரையில்தானே ஓடுகிறார்கள்? தோற்றவன் சொல்கிற சாக்கு என்று ஒரே வீச்சில் முடித்துவிடுவார்கள். ரஸிகர்களும் லேசில் விடமாட்டார்கள். இன்னார் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுக்காமல் இருந்திருந்தால் கோப்பை நமக்குத்தான் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டு கட்சிகளும் ஒரே தவறைத்தான் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. காயம் என்பது ஓர் ஆளைப் பற்றிய விஷயம் என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் அந்த ஆள் போனதைப் பெரிதாக்குகிறார், மற்றவர் சிறிதாக்குகிறார். அந்த ஆளின் இடத்துக்கு யார் வந்தார், எங்கிருந்து வந்தார், அவர் விட்டுவிட்டு வந்த இடம் என்ன ஆயிற்று என்று இருவருமே கேட்பதில்லை. ஒரு சீஸனின் கதை முழுவதும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நான் கதை எழுதுகிறவன். பந்தாட்டத்தைப் பார்க்கும்போதும் அந்தக் கண்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு தனி ஆட்டம் சிறுகதை மாதிரி. அதை ஒரே ஒரு கதாபாத்திரம் தூக்கிக்கொண்டு போய்விட முடியும். சீஸன் என்பது அப்படியல்ல. ஒன்பது மாதம், 38 ஆட்டங்கள். அது நாவல். நாவலைத் தாங்குகிறவர்கள் கதாநாயகனும் கதாநாயகியும் மட்டும் அல்ல. நாற்பதாவது பக்கத்தில் ஒரு தடவை வந்து, நூற்றறுபதாவது பக்கத்தில் மறுபடி தலைகாட்டுகிற ஒரு குமாஸ்தா, ஒரு சித்தி, ஒரு வைத்தியர், இவர்கள் சரியாக அமையாவிட்டால் கதாநாயகன் எவ்வளவு பிரமாதமானவனாக இருந்தாலும் நாவல் நடுவில் தொய்ந்துவிடும். இதை நான் என் கைப்பட எழுதிக் கெடுத்த பக்கங்களிலிருந்து கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு பழைய சம்பவம். 1965 மே மாதம் 1ஆம் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் லிவர்பூல் கோஷ்டிக்கும் லீட்ஸ் கோஷ்டிக்கும் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் லிவர்பூலின் ஜெரி பைர்ன் என்ற தடுப்பாட்டக்காரருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அவர் வெளியே போகவில்லை. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிஷம் முழுக்க அந்த முறிந்த எலும்போடு ஆடினார். போதாததற்கு, லிவர்பூலின் முதல் கோலுக்கு ரோஜர் ஹண்ட்டிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். லிவர்பூல் 2-1 என்று ஜயித்தது. அந்தக் கோஷ்டியின் முதல் எஃப்.ஏ. கோப்பை அதுதான்.

இதை வீரம் என்று எல்லோரும் எழுதினார்கள். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீரத்துக்கு அடியில் ஒரு சாமான்யமான காரணம் இருந்தது. அந்த ஆட்டத்தில் மாற்று ஆளை இறக்க விதி இடம் தரவில்லை. பைர்ன் வெளியேறியிருந்தால் லிவர்பூல் பத்துப் பேரோடு ஆடியிருக்க வேண்டும். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் 1965-66 சீஸனிலிருந்துதான் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள். அதுவும் முதலில் காயம் பட்டவருக்குப் பதிலாக மட்டும். வேறு ஆள் இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் வீரம் பிறக்கிறது. வீட்டில் ஜுரத்தோடு எழுந்து சமைக்கிற தாயாரைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதுவும் இந்த வகைதான்.

அந்தக் காலத்தில் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு சீஸனை முடித்தவர்களும் உண்டு. அதே 1965-66இல் லிவர்பூல் மொத்தம் 14 ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு 42 ஆட்டங்களை ஆடி லீக் சாம்பியன் ஆயிற்று. 1980-81இல் ஆஸ்டன் வில்லாவும் அதே 14 பேரைக் கொண்டு அதே சாதனையைச் செய்தது. வில்லாவில் ஏழு பேர் 42 ஆட்டங்களிலும் ஆடினார்கள். இதைப் படிக்கிறவர்கள், நல்ல கோஷ்டிக்குப் பதினான்கு பேர் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காயம் அவர்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். அதிருஷ்டம் ஒரு திட்டமாகாது.

வந்தபோது என்ன நடந்தது என்பதையும் வில்லாவின் கதையே சொல்லுகிறது. 1982 மே 26ஆம் தேதி ராட்டர்டாம் நகரில் பேயர்ன் மியூனிக் கோஷ்டியோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆவதற்குள் கோல்கீப்பர் ஜிம்மி ரிம்மர் காயத்தால் வெளியேறினார். அவர் இடத்துக்கு நைஜல் ஸ்பிங்க் வந்தார். அதற்கு முன் வில்லாவின் முதல் கோஷ்டியில் அவர் ஆடியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். வருஷக்கணக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞர் பேயர்ன் அடித்த பந்துகளையெல்லாம் தடுத்தார். வில்லா 1-0 என்று ஜயித்தது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரிம்மருக்குப் பதிலாக வந்தவரும் கோல்கீப்பர்தான். அனுபவம் இல்லாதவராக இருந்தாலும் அந்த இடத்துக்கு உரியவர். வேறு எந்த இடத்திலிருந்தும் யாரையும் பிடுங்கி அங்கே நிறுத்தவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைப் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் விரிவாகப் பேச விரும்புவது லிவர்பூலின் 2020-21 சீஸனைப் பற்றி. காயத்தால் ஒரு சீஸன் எப்படிக் கெடுகிறது, எப்படித் தேறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என் கண்ணில் பட்டதில்லை.

அதற்கு முந்தைய சீஸனில் யூர்கன் க்ளாப்பின் லிவர்பூல் 99 புள்ளிகள் எடுத்து, முப்பது வருஷங்களுக்குப் பிறகு லீக் சாம்பியன் ஆகியிருந்தது. இரண்டாவது வந்த மான்செஸ்டர் சிட்டி 18 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அந்தக் கோஷ்டியின் முதுகெலும்பு வர்ஜில் வான் டைக். கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை சென்டர் பேக் என்று சொல்லுவார்கள். அந்த ஸ்தானத்தில் நின்ற அவர் இரண்டு சீஸன்களாக ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. தவறவிடாத ஆள் என்பதே ஓர் ஆபத்து. அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழவே எழாது.

2020 ஜூலையில் டேயன் லோவ்ரென் என்ற நான்காவது சென்டர் பேக்கை லிவர்பூல் ரஷ்யாவுக்கு விற்றது. அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. மிச்சம் இருந்த அனுபவசாலிகள் மூன்று பேர்: வான் டைக், ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப். இவர்களில் பின்னவர் இருவரும் அடிக்கடி காயம் படுகிறவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். கொள்ளை நோய்க் காலம். வரும்படி குறைந்த சமயம். கணக்குப் பார்த்தவர்கள், அவசரம் என்றால் நடுக்கள ஆட்டக்காரர் ஃபபீன்யோ அந்த இடத்தில் நின்று சமாளிப்பார் என்று எண்ணியிருக்க வேண்டும். அவர் சமாளிக்கவும் செய்தார். கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

அக்டோபர் 17ஆம் தேதி எவர்ட்டன் மைதானத்தில் ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே எதிர்க் கோஷ்டியின் கோல்கீப்பர் மோதியதில் வான் டைக்கின் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அந்த சீஸனில் அவர் அப்புறம் ஆடவே இல்லை. புதிதாக வாங்கியிருந்த தியாகோவும் அதே ஆட்டத்தில் காயம் பட்டு டிசம்பர் கடைசி வரையில் வெளியே இருந்தார். நவம்பர் 11ஆம் தேதி இங்கிலாந்து கோஷ்டியோடு பயிற்சி செய்தபோது கோமஸின் முழங்கால் போயிற்று. அவருடைய சீஸனும் முடிந்தது. டிசம்பரில், முன்வரிசையில் கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்த டியோகோ ஜோட்டா மூன்று மாதத்துக்குப் படுத்தார். விட்டு விட்டு ஆடிவந்த மாட்டிப் ஜனவரி 28ஆம் தேதி கணுக்கால் காயத்தோடு அந்த சீஸனுக்கு விடை பெற்றார். பிப்ரவரி 20ஆம் தேதி, சென்டர் பேக்காக நின்றுகொண்டிருந்த கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சனுக்கும் காயம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் விமர்சனம் என்று உட்கார்ந்த பிறகு இளகினால் மட்டும் போதாது. கணக்கையும் பார்க்க வேண்டும்.

சென்டர் பேக்குகள் மூவரும் போய்விட்டால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும், நிறைய கோல் வாங்குவார்கள் என்றுதான் பதில் வரும். லிவர்பூல் சாம்பியனான சீஸனில் 33 கோல் வாங்கியிருந்தது. இந்த சீஸனில் வாங்கியது 42. ஒன்பது கோல் அதிகம். மோசம்தான், ஆனால் சர்வநாசம் என்று சொல்ல முடியாது. இப்போது கோல் போட்ட கணக்கைப் பாருங்கள். முந்தைய சீஸனில் 85. இந்த சீஸனில் 68. பதினேழு கோல் குறைவு. காயம் பட்டது தடுப்பு வரிசை. அதிகமாகக் குறைந்தது தாக்குதல். புள்ளிகள் 99இலிருந்து 69க்கு இறங்கின.

இது விசித்திரமாகத் தோன்றும். விளக்கம் சுலபம். வான் டைக்கின் இடத்துக்கு ஃபபீன்யோ போனார். அந்த இடம் ஒருவாறு அடைபட்டது. ஆனால் ஃபபீன்யோ நின்ற நடுக்களம் காலியாயிற்று. அவர்தான் எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து முன்னால் தள்ளுகிறவர். அவர் அங்கே நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் இரண்டு ஓரங்களிலும் இருந்த தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறிப் போய் கோலுக்குப் பந்து கொடுப்பார்கள். பிறகு ஹெண்டர்சனும் பின்னால் போனார். மற்றவர்களை அதட்டி, உற்சாகப்படுத்தி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆள் நடுக்களத்தில் இல்லாமல் போனார். போதாக்குறைக்கு, வான் டைக் தம் இடத்திலிருந்தே நீளமாக உதைத்து முன்வரிசைக்குப் பந்தை அனுப்புவாரே, அதுவும் இல்லை. மேல்துண்டைக் கிழித்து வேட்டிக்கு ஒட்டுப் போட்ட கதை இது. வேட்டியின் ஓட்டை அடைபட்டது என்னவோ நிஜம். தோளில் துண்டு இல்லை.

2021 ஜனவரி 4ஆம் தேதி சௌதாம்ப்டனில் நடந்த ஆட்டத்தை ஒரு சான்றாகச் சொல்லலாம். ஹெண்டர்சனும் ஃபபீன்யோவும் சேர்ந்து சென்டர் பேக் ஜோடியாக நின்றார்கள். இரண்டாவது நிமிஷத்தில் டேனி இங்ஸ் ஒரு கோல் போட்டார். அவர் முன்பு லிவர்பூலில் இருந்தபோது இரண்டு பெரிய முழங்கால் காயங்களால் முடங்கிக் கிடந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விதிக்கும் கொஞ்சம் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு. அந்த ஒரு கோலுக்குப் பிறகு லிவர்பூல் மேற்கொண்டு எதுவும் வாங்கவில்லை. ஆனால் போடவும் இல்லை. ஜனவரி 17ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டோடு அதே ஜோடி நின்றது, 0-0. டிசம்பர் 19ஆம் தேதி கிரிஸ்டல் பாலஸை 7-0 என்று நொறுக்கி, கிறிஸ்துமஸ் அன்று பட்டியலின் உச்சியில் இருந்த கோஷ்டி, அதற்குப் பிறகு தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த நான்கில் வாங்கியதோ இரண்டே கோல்கள். கூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடுப்பு எரியவில்லை.

நான்காவது ஆட்டம் ஜனவரி 21ஆம் தேதி பர்ன்லியோடு. சொந்த ஊரில், ஆன்ஃபீல்டு மைதானத்தில், 0-1 தோல்வி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு 68 லீக் ஆட்டங்களாக அந்த மைதானத்தில் தோற்காத கோஷ்டி அது. அணை ஓர் இடத்தில் உடைந்தால் போதும். பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்ஸி, ஃபுல்ஹம் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லோரும் அங்கே ஜயித்துவிட்டுப் போனார்கள். சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி. லிவர்பூலின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

இப்போது சிட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். சரியாக ஒரு வருஷம் முன்னால் அவர்களுக்கும் இதே வியாதி வந்திருந்தது. 2019இல் அவர்களுடைய மூத்த சென்டர் பேக் வின்சென்ட் கொம்பனி விடை பெற்றுப் போனார். அவருக்குப் பதிலாக யாரையும் வாங்கவில்லை. ஆகஸ்ட் கடைசி நாளில் அய்மெரிக் லாப்போர்ட்டின் முழங்கால் போயிற்று. நடுக்கள ஆட்டக்காரர் ஃபெர்னாண்டின்யோ பின்னால் போய் நின்றார். 98 புள்ளிகள் எடுத்திருந்த கோஷ்டி 81க்கு இறங்கியது. ஆனால் ஒரு வித்தியாசம். சிட்டி வாங்கிய கோல் 23இலிருந்து 35 ஆயிற்று. போட்ட கோல் குறையவில்லை, 95இலிருந்து 102 ஆக ஏறியது. என்ன காரணம்? அந்தக் கோடையிலேயே ஃபெர்னாண்டின்யோவின் இடத்துக்கென்று ரோட்ரி என்பவரை வாங்கி வைத்திருந்தார்கள். ஃபெர்னாண்டின்யோ பின்னால் போனபோது, அவர் விட்ட இடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஓட்டை ஒன்றோடு நின்றது. லிவர்பூலில் ஓர் ஓட்டை இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று.

சிட்டி பாடமும் கற்றது. 2020 செப்டம்பர் கடைசியில் ரூபன் டியாஸை வாங்கியது. 2020-21இல் அவர்களுடைய மிகச் சிறந்த ஆட்டக்காரர் கெவின் டி ப்ராய்ன ஜனவரியில் காயம் பட்டார். அகுவேரோ அந்த சீஸனில் பெரும்பகுதி ஆடவில்லை. இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் எல்லாப் போட்டிகளிலுமாகத் தொடர்ந்து 21 வெற்றிகள் பெற்றார்கள். லீக்கில் அவர்களுக்காக அதிக கோல் போட்டவர் இல்காய் குண்டோகன் என்ற நடுக்கள ஆட்டக்காரர், 13 கோல்கள். 86 புள்ளிகளோடு கோப்பை அவர்களுக்கே போயிற்று. பக்கத்து வீடு பற்றி எரிந்ததைப் பார்த்த பிறகும் லிவர்பூல் தன் வீட்டு நான்காவது வாளியை விற்றதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முழங்கால் முறிந்தது விதி. லோவ்ரென் போன இடம் காலியாகக் கிடந்தது விதியல்ல.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இப்போது வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த சீஸனின் உண்மையான கதை அவர்களுடையதுதான்.

நாட் பிலிப்ஸ் என்று ஒருவர். 23 வயது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் போல்ட்டன் கோஷ்டி அவரை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து படிக்கத் தயாராக இருந்தவரை லிவர்பூல் கூப்பிட்டுக்கொண்டது. முதல் கோஷ்டியில் இடம் இல்லாமல் ஜெர்மனிக்கு இரவல் போய் வந்தார். 2020-21 தொடங்கியபோது, ஐரோப்பியப் போட்டிக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. இன்னொருவர் ரீஸ் வில்லியம்ஸ். 19 வயதுப் பையன். முந்தைய சீஸனில் ஆறாம் படியில் இருக்கும் கிடர்மின்ஸ்டர் கோஷ்டிக்கு இரவலாக ஆடிக்கொண்டிருந்தவர். உலகத்தின் உச்சியில் இருந்த ஒரு கோஷ்டியின் கோல் வாசலில் இவர்களை எப்படி நிறுத்துவது? அந்தத் தயக்கம் யாருக்கும் வரக்கூடியதுதான். தேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் இருக்கும்போது, தேராத சென்டர் பேக்கை நம்புவானேன் என்று தோன்றும். பெரிய பெயருக்கு நாம் காட்டுகிற மரியாதை அது. அவசரத்துக்கு, பிப்ரவரி 1ஆம் தேதி இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஓசான் கபாக் ஷால்க்கவிலிருந்து இரவல். பென் டேவிஸ் பிரெஸ்டனிலிருந்து விலைக்கு. இதில் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டியில்கூட இறங்கியதில்லை. வெள்ளம் வந்த பிறகு வாங்குகிற படகு அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 7ஆம் தேதி ஃபுல்ஹமிடம் தோற்றதுதான் அடிமட்டம். மார்ச் 10ஆம் தேதி லைப்ஸிக் கோஷ்டியோடு புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், பிலிப்ஸும் கபாக்கும் சென்டர் பேக்குகளாக நின்றார்கள். ஃபபீன்யோ தம் பழைய இடத்துக்கு, நடுக்களத்துக்குத் திரும்பினார். 2-0 வெற்றி. அதற்குப் பிறகு லீக்கில் மிச்சம் இருந்தவை பத்து ஆட்டங்கள். அவற்றில் எட்டு வெற்றி, இரண்டு சமநிலை. தோல்வி இல்லை. இதற்குள் கபாக்குக்கும் காயம். ஆகையால் கடைசி ஐந்து ஆட்டங்களில் கோல் வாசலில் நின்றவர்கள் பிலிப்ஸும் வில்லியம்ஸும்தான். ஐந்திலும் வெற்றி. மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று ஜயித்ததும் அதில் அடக்கம்.

வெஸ்ட் பிராம்விச்சில் மே 16ஆம் தேதி, கடைசி விநாடிகளில் கோல்கீப்பர் அலிஸன் எதிரியின் வாசலுக்கு ஓடிப்போய்த் தலையால் கோல் போட்டு ஜயித்துக் கொடுத்தார். லிவர்பூலின் போட்டி ஆட்டங்களில் ஒரு கோல்கீப்பர் கோல் போட்டது அதுவே முதல் தடவை. பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். எனக்கு ஞாபகம் இருப்பது மூன்று நாள் கழித்து பர்ன்லியில் நடந்த ஆட்டம். அங்கே பிலிப்ஸ் தலையால் ஒரு கோல் போட்டார். எதிரியின் பந்து ஒன்றைத் தம் கோல் கோட்டிலிருந்தே வெளியேற்றவும் செய்தார். 3-0. அந்த முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும். தன் பெயரைப் பரீட்சை முடிவில் தேடிக் கண்டுபிடித்த பையனின் முகம். மே 23ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் பாலஸை 2-0 என்று ஜயித்து லிவர்பூல் மூன்றாவது ஸ்தானத்தில் முடித்தது.

பிலிப்ஸ் வான் டைக்குக்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பிலிப்ஸே சிரிப்பார். அவருக்கு வேகம் போதாது. பந்தை நீளமாக அனுப்பும் நயமும் இல்லை. ஆனால் தலைக்கு வருகிற பந்தை எதிர்த்துத் தாவுவார், அடி வாங்குவார், தன் இடத்தை விட்டு நகரமாட்டார். முக்கியமாக, அவர் அங்கே நின்றதால் மற்றவர்கள் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்ப முடிந்தது. நான் முன்னால் சொன்ன நைஜல் ஸ்பிங்க்கின் விஷயமும் இதேதான். போன ஆளின் அளவுக்கு வந்த ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடத்துக்கு உரியவராக இருந்தால் போதும். ஒரு கோஷ்டியின் ஆள்பலம் என்பது பெஞ்சில் எத்தனை பெரிய பெயர்கள் இருக்கின்றன என்பதல்ல. ஒவ்வொரு இடத்துக்கும், அந்த இடத்தில் நின்று பழகிய இன்னொருவர் இருக்கிறாரா என்பதுதான்.

பழைய நாடகக் கம்பெனிகளில் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ராஜபார்ட் நடிகருக்குத் தொண்டை கட்டினால், ஸ்திரீபார்ட் நடிகரை ராஜா வேஷம் போடச் சொல்லமாட்டார்கள். சொன்னால் ராஜாவும் சரியாக இருக்கமாட்டார், ராணியும் இருக்கமாட்டாள். ராஜாவின் பாடத்தை நெட்டுருப் போட்டுவிட்டு உள்ளே காத்திருக்கும் ஒரு பையனுக்குக் கிரீடத்தை வைத்து அனுப்புவார்கள். அவன் குரல் கொஞ்சம் கம்மிதான். ஆனால் நாடகம் விடிய விடிய நடக்கும்.

என் வாதத்துக்கு எதிராகவும் சில விஷயங்கள் உண்டு. மறைப்பது நியாயமல்ல. மார்ச்சில் ஜோட்டா திரும்பி வந்ததும் லிவர்பூல் தேறியதற்கு ஒரு காரணம். 2025 ஜூலையில் கார் விபத்தில் 28 வயதில் காலமான அந்த மனிதரின் காலில் கோல் போடும் வித்தை குடியிருந்தது. கொள்ளை நோயால் பெரும்பாலும் ஜனங்களே இல்லாத மைதானங்களில் ஆட வேண்டியிருந்ததும், ஜூலை கடைசியில் ஒரு சீஸனை முடித்துவிட்டு செப்டம்பர் 12இல் அடுத்ததைத் தொடங்கியதால் ஓய்வு போதாமல் போனதும் உண்மை. மேலும், ஃபுல்ஹமிடம் தோற்ற ஆட்டத்தில் நின்றவர்களும் பிலிப்ஸும் வில்லியம்ஸும்தான். ஆகையால் இளைஞர்களை இறக்கிய மறுகணம் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை கட்ட மாட்டேன். அவர்களுக்கு முன்னால் ஃபபீன்யோ திரும்பி வந்து நின்ற பிறகுதான் அவர்கள் தேறினார்கள். அவர்கள் பின்னால் நின்றதால்தான் அவரால் திரும்பி வர முடிந்தது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பெஞ்சை நிரப்பப் பணம் வேண்டாமா? வேண்டும்தான். 2020-21இல் இங்கிலாந்தின் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மாற்று ஆட்டக்காரர்கள்தான். ஐந்தாக உயர்த்தலாம் என்ற யோசனையைச் சிறிய கோஷ்டிகள் எதிர்த்து வாக்களித்தன. பணக்காரர்களின் பெஞ்சு நம்முடைய முதல் பதினொன்றைவிட நன்றாக இருக்கிறதே, அதற்கு ஏன் நாம் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதில் நியாயம் இருக்கிறது. 2022-23 முதல் ஐந்து பேர் என்பது விதியாகிவிட்டது. ஆனால் பணம் இருந்தும் லிவர்பூல் தவறியது. பிலிப்ஸும் வில்லியம்ஸும் விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரங்கள் அல்ல. பணம் இருந்தால் பெஞ்சு நிறையும். யார் எந்த இடத்துக்கு என்று முன்கூட்டி யோசிப்பது பணத்தால் வருவதல்ல.

அடுத்த சீஸனில் வான் டைக் திரும்பினார். இப்ராஹிமா கொனாட்டேயையும் வாங்கினார்கள். சென்டர் பேக்குகள் நான்கு பேர் ஆனார்கள். 92 புள்ளிகள், போட்டது 94 கோல், வாங்கியது 26. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை சிட்டிக்குப் போயிற்று. பிலிப்ஸுக்கு மறுபடியும் பெஞ்சில்தான் இடம். 2022 ஜனவரியில் அவரை இரண்டாம் பிரிவில் இருந்த போர்ன்மத்துக்கு இரவல் அனுப்பினார்கள். அந்தக் கோஷ்டி அந்த சீஸனிலேயே முதல் பிரிவுக்கு ஏறியது. இதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை, பந்தாட்டம் அப்படித்தான். கதாநாயகன் திரும்பி வந்த பிறகு குமாஸ்தாவுக்கு அத்தியாயம் கிடையாது.

ஆனால் விமர்சனம் செய்கிறவனுக்கு வேறு கடமை இருக்கிறது. அந்த சீஸனைப் பற்றிப் பேசும்போது வான் டைக்கின் முழங்காலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது, நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அபிப்பிராயம் சொல்வதற்குச் சமம். பின்பாதியில் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அவர்களை ஆறு மாதம் முன்பே, அவர்கள் இடத்தில், நம்பி நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.